ரெண்டு தடவை இழுத்துப் பார்

இருந்தவர்கள்: ஒரு கணக்கு டீச்சர். அவருடைய கணவர், போன வருடம் ஓய்வு பெற்றவர், மனைவியையும் ‘டீச்சர்’ என்றே கூப்பிடுகிறவர். நெடுஞ்சாலை ஓர மெக்கானிக். கணவர் ‘ராணி’ என்று கொஞ்சும், அறுபது வயதான ஒரு கார். அதற்கு ரெண்டே கதவு, ஓட்டுகிறவர் பக்கத்துக் கதவு காலையிலிருந்து திறக்கவில்லை.

— இன்னொரு தடவை ‘அஞ்சே நிமிஷம்’னு சொன்னீங்க, நான் மனுஷியா இருக்க மாட்டேன்.

— அஞ்சே நிமிஷம், டீச்சர். ராணி கொஞ்சம் சூடாயிட்டா.

— சாப்பிட நிறுத்தின வண்டி, ஒரு மணி நேரமா நிக்குது. இன்னும் என்ன சூடு? மணி ஒன்றரை. நாலு மணிக்குள்ள அந்த ஸ்கூல்ல கையெழுத்துப் போடலைன்னா ஹெட்மிஸ்ட்ரஸ் வேலை அடுத்த ஆளுக்குப் போயிடும். பதினாறு வருஷம் காத்திருந்து வாங்கினது.

— அதான் நானே கூட்டிட்டுப் போறேன்னு கிளம்பினேன்ல? முந்நூறு கிலோமீட்டர், சொந்த வண்டியில, ராஜா மாதிரி.

— ராஜாவா? ஒவ்வொரு இடத்துலயும் முதல்ல நான் இறங்கணும். நீங்க கியரைத் தாண்டி என் பக்கமாத் தவழ்ந்து வரணும். போறவன் வர்றவன் எல்லாம் போட்டோ எடுக்கணும். அப்புறம் என் பையில இருக்கற கதவுச் சாவியை எடுத்து நான் பூட்டணும். ‘ரெண்டு தடவை இழுத்துப் பாத்தியா’ன்னு நீங்க கேக்கணும்.

— அந்தக் காலத்துப் பூட்டு. வெளியில சாவி போட்டா உள்ளேருந்து எந்தக் கொம்பனாலயும் திறக்க முடியாது. சும்மாவா?

— சார், பெருமை அப்புறம். உள்ள போய் ஸ்டார்ட் குடுங்க.

— இதோப்பா. டீச்சர், கொஞ்சம் நகரு... ஆங், குடுத்தேன்.

— சுத்துது, பத்திக்கலையே. போதும், நிறுத்துங்க. அங்கேயே இருங்க, மறுபடி சொல்றேன்.

— பெட்ரோல்ல குப்பை இருக்கும். டேங்கைக் கழட்டி நிதானமாக் கழுவுப்பா. சாயங்காலம் ஆனாலும் பரவாயில்ல.

— யாருக்குங்க பரவாயில்ல?

— பெட்ரோல் நல்லாத்தான் வருது. இன்ஜின்ல கரண்ட் பிரிச்சு விடற இந்த மூடியைத் திறந்து பாத்துடறேன்... அட!

— என்னங்க மெக்கானிக்?

— உள்ள ரோட்டர்னு ஒண்ணு இருக்கணும்மா. கட்டைவிரல் அளவுதான். அது இல்லாம தலைகீழா நின்னாலும் வண்டி கிளம்பாது. அதைக் காணோம்.

— வழியில எங்கயாவது விழுந்திருக்கும்.

— மூடிக்குள்ள இருக்கறது எப்படி சார் விழும்? சில பேர் வண்டி திருடு போகக் கூடாதுன்னு கழட்டி வெச்சுக்குவாங்க. சரி, மூடியில நம்பர் இருக்கு, டவுன்ல கேட்டுப் பாக்கறேன். ரொம்பப் பொடி எழுத்து. படிக்கிற கண்ணாடி இருக்காம்மா?

— இவரோடது என் பையில இருக்கு. சாப்பிட உக்காந்தப்போ கண்ணாடிப் பெட்டியோட குடுத்தார்.

— அது வேணாம், பவர் மாறிடுச்சு. திறக்காத, டீச்சர். ஏய், திறக்காதன்னா!

— கண்ணாடி எங்க? கைக்குட்டையில என்னமோ சுத்தி வெச்சிருக்கீங்க.

— அம்மா... இதுதாம்மா ரோட்டர்.

— என் பையில. ஒரு மணி நேரமா நானே தூக்கிட்டு அலைஞ்சிருக்கேன்.

— திருட்டுக்குப் பயந்து எடுத்தேன். மறந்துட்டேன்.

— டேங்கைக் கழுவச் சொன்னப்பவும் மறந்துதான் இருந்தீங்களா?

— நீ அங்க போயிட்டா வாரத்துக்கு ஒரு நாள்தான் வருவ. மத்த ஆறு நாள் நான் யாரோட பேசறது? இந்த டப்பாவோடயா?

— இப்பதான் டப்பாவா? அதை வீட்டுலயே சொல்லியிருக்கலாம். சண்டை போட்டிருப்பேன். இப்படி வெறுத்திருக்க மாட்டேன்.

— சரி, மாட்டச் சொல்லு. பறந்துடலாம்.

— மெக்கானிக், எதிர்ல ஒரு பஸ் நிக்குதே, நான் போற ஊர் போர்டுதான் போட்டிருக்கு, எப்போ எடுப்பாங்க?

— இப்ப எடுத்துடுவாங்கம்மா. ரெண்டு மணி நேரத்துல போயிடலாம்.

— இரு டீச்சர், நானும் வர்றேன். கால் கியர்ல மாட்டிக்கிச்சு... ஏய், கதவை ஏன் சாத்தற?

— மெக்கானிக், இந்தாங்க கதவுச் சாவி. நாலு மணிக்கு மேல திறந்து விடுங்க. நிழல்லதான் நிக்குது. ஜன்னல் பாதி இறங்கியிருக்கு. காத்து வரும், அவர் தொப்பை வராது. கேட்டா தண்ணி குடுங்க.

— அம்மா, சார் உள்ள இருக்காரே... நிஜமாவே பூட்டிட்டீங்களா?

— பூட்டிட்டேன். ரெண்டு தடவை இழுத்தும் பாத்துட்டேன்.