திட்டு வாங்கும் ஜன்னலில் இனி யார்?

மின்விசிறிக்கு நேர் கீழே இடம் பிடித்திருக்கும் மேலாளர் அவர்களே, அவர் முதுகுக்குப் பின்னால் பாதி மறைந்திருக்கும் அதிகாரிகளே, புகார் ஜன்னல் அக்காவை நாள் தவறாமல் திட்டிய பொதுமக்களே! குடிநீர் அலுவலகக் காவலாளியின் வணக்கம்.

திட்ட வரும் கூட்டத்தைவிட இன்று இரங்கலுக்கு வந்த கூட்டம் குறைவுதான். ஆனாலும் மகிழ்ச்சி!

நம் புகார் அக்கா! புகார் ஜன்னலின் அரசி! குழாயை உடைத்தது அவரா? தண்ணீரில் புழுவை விட்டது அவரா? இல்லை. திட்டு வாங்கியது யார்? அவர்தான், அவர் மட்டும்தான்! அதையாவது அரைமனதோடு வாங்கினாரா? காலையில் முதல் ஆள் வந்ததும், "வாங்கண்ணே, தொண்டைய நனைச்சுக்கிட்டு ஆரம்பிங்க" என்று தன் தண்ணீர் பாட்டிலை நீட்டுவார். யாராவது மெல்லத் திட்டினால் விடமாட்டார். "இன்னும் சத்தமாச் சொல்லுங்க, உள்ள எல்லாரும் தூங்குறாங்க." பிறகு உள்ளே போய், ஆள் அனுப்பும்வரை மேலாளரின் மேசை முன்னால் நின்றுகொண்டே இருப்பார். அதனால் எத்தனை வீடுகளுக்குத் தண்ணீர் வந்தது! வந்த பிறகு நன்றி சொல்ல உங்களில் யார் வந்தீர்கள்?

அக்காவின் மகள் என்னிடம் சொன்னாள்: "வீட்டுக்கு வந்தா அம்மா பேசவே மாட்டாங்க மாமா. டிவியில யாராவது கத்தினாக்கூட கையில இருக்கறத கீழ போட்டுடுவாங்க." அந்தக் கையோடுதான் மறுநாளும் சிரித்துக்கொண்டே ஜன்னலைத் திறந்தார்.

கடைசி நாள் என்ன நடந்தது? முன்வரிசையில் இருக்கும் தையற்கடைக்காரரே, தலையை நிமிர்த்துங்கள்! நீங்கள் திட்டிக்கொண்டிருந்தபோதுதான் அக்காவின் தலை மேசையில் சாய்ந்தது. "பாரு, மூஞ்சியக்கூடக் காட்ட மாட்டேங்குது!" என்று மிச்சத்தையும் திட்டி முடித்தீர்கள். அடுத்து நின்ற அம்மா, "முடிஞ்சுதுன்னா நகருங்க" என்று உங்களைத் தள்ளிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். செத்துப்போனவரை வரிசையில் நின்று திட்டிய பெருமை நமக்கு மட்டும்தான்!

மேலாளர் ஓடி வந்தார். நாடி பார்க்கவா? "ஜன்னலச் சாத்துய்யா!" என்றார். மறுநாள் என்னைத் தனியே அழைத்து, "பெரியவரே, உங்களுக்குத்தான் காது மந்தமாச்சே, நீங்க அங்க உட்காருங்களேன்" என்றார். என்ன அன்பு! "இரங்கல் கூட்டம் முடியட்டும், சொல்றேங்க" என்றேன்.

இப்போது சொல்கிறேன். எனக்கு அந்த இடம் வேண்டாம். சற்றுமுன் மேலாளர் அவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அக்கா விட்டுச்சென்ற பணியை நானே தோளில் சுமப்பேன்" என்று முழங்கினார். கேட்டீர்கள் அல்லவா? கைதட்டினீர்கள் அல்லவா? அவர் சொல்லைக் காப்பாற்றுவது நம் கடமை அல்லவா?

ஆகவே, அக்காவின் படத்துக்கு முன்னால் உறுதி ஏற்போம். மேலாளர் முழு மனதோடு திட்டு வாங்கட்டும். நாம் முழு மனதோடு திட்டுவோம். நாளை வரை எதற்கு? இங்கேயே, இப்போதே தொடங்குவோம்.

மேலாளர் அவர்களே, எழுந்து எங்கே போகிறீர்கள்? வாசலைப் பூட்டிவிட்டுத்தான் மேடை ஏறினேன்.