இருபத்தேழாம் எண் பெட்டி

மதியம் சாப்பிட்டதும் எனக்கு டீ வேண்டும், இன்ஸ்பெக்டர் சார். அன்றைக்கும் கோவில்பத்தில் எங்கள் கம்பெனி மாடியில் டீயோடுதான் உட்கார்ந்திருந்தேன்.

மீன்பிடிப் படகுகளுக்கு ஆபத்துக்கால ரேடியோ பெட்டி செய்கிறோம். படகு கவிழ்ந்தால் பொத்தானை அமுக்க வேண்டும். ஐம்பது விநாடிக்கு ஒருமுறை பெட்டியில் விளக்கு மின்னும், சிக்னல் போகும். துறைமுகத்து ரிசீவர் பிடிக்கும். சர்க்யூட்டும் ஆன்டெனாவும் என் டிசைன். கம்ப்யூட்டர் சிமுலேஷனில் சிக்னல் இருபது கிலோமீட்டர் போயிற்று.

டெஸ்டிங் பிரிவு எழில்மதிதான் பெட்டியை மூடி, உப்புத் தண்ணீரில் மிதக்கவிட்டு அளந்தார்.

"சார், மூடி போட்டா பவர் பத்துல ஒரு பங்குகூட வரலை. மூணு தடவை பாத்துட்டேன்."

"கேபிள்ல லாஸ் இருக்கும்மா. அதைக் கூட்டிக்க."

"புது கேபிள் சார் அது."

அவர் கூட்டவில்லை. நானே கூட்டினேன். ஒவ்வோர் அளவோடும் ஒரே எண்ணைச் சேர்த்ததும் சிமுலேஷன் கோடும் அளவெடுத்த கோடும் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்தன. பார்க்க அழகாக இருந்தது. ஏழு மாத உழைப்பு. ஒரு பிளாஸ்டிக் மூடிக்காக அதைத் தப்பு என்று சொல்ல மனம் வரவில்லை.

மண்டபத்தூர் மீனவர் முத்தையன் பெட்டி வாங்க வந்தபோது நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

"தண்ணி பட்டா ஒண்ணும் ஆவாதுங்களே?"

"ஒண்ணும் ஆகாது. தைரியமா போங்க."

அன்று மதியம் இரண்டே காலுக்கு மேல் எங்கள் ரிசீவர் திரையில் முள்போலச் சின்னதாக ஒரு கோடு எழுந்தது. ஐம்பது விநாடி கழித்து மறுபடியும். எங்கள் மொட்டைமாடி ரிசீவர் துறைமுகத்தில் இருப்பதைவிட நுட்பமானது. சிக்னலில் பெட்டி எண் வரும்: இருபத்தேழு. பதிவேட்டில் பார்த்தேன். முத்தையன்.

துறைமுகத்துக்குப் போன் செய்து, ஏதாவது சிக்னல் வந்ததா என்று கேட்டேன்.

"இல்லைங்களே. ஏங்க?"

"சும்மாதான்," என்றேன்.

சொன்னால், உங்களுக்குக் கிடைத்தது எங்களுக்கு ஏன் கிடைக்கவில்லை என்று கேட்பார்கள். எழில்மதியின் பழைய அளவுகள் வெளியே வரும். வேறு படகு பார்த்துவிடும் என்று நினைத்தேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

நான்கு மணிக்கு எழில்மதி வந்து திரையைப் பார்த்தார்.

"என்ன சார் இது?"

"நாய்ஸ்மா."

"நாய்ஸ் இவ்வளவு ஒழுங்காவா சார் வரும்?"

எனக்குத் தலைவலி என்று சொல்லி அவரைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பினேன். உங்களிடம் வந்து சொன்னது அவர்தான் என்று தெரியும். வருத்தமில்லை, கவனமான பெண்.

ஐந்து மணிக்குத் திரை காலியானது.

முத்தையனோடு படகில் போயிருந்த மருமகன் நிலவனை மறுநாள் காலை ஒரு படகு மீட்டது. மாமா பெட்டியை இடுப்பில் கட்டியிருந்தார் என்று அவர் சொன்னாராம். "வெளக்கு மின்னுது மாப்ள, வந்துருவாங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். சாயங்காலம் முத்தையன் கை தளர்ந்து, கவிழ்ந்த படகை விட்டுவிட்டார். பெட்டியும் கூடப் போயிற்று.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும்? முழுவதும் தெரிந்தேதான் சும்மா இருந்தேன். மறுக்கவில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். அந்த இரண்டே முக்கால் மணி நேரமும் நான் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. வந்த ஒவ்வொரு சிக்னலின் அளவையும் குறித்தேன். கிட்டத்தட்ட இருநூறு அளவுகள், உண்மையான கடலில் எடுத்தவை. அவற்றை வைத்துத் திருத்தியபின் சிமுலேஷன் இப்போது அச்சு அசலாகப் பொருந்துகிறது. கம்ப்யூட்டரைப் பறிமுதல் செய்யும்போது அந்தக் கோப்பு அழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள் சார். அது எத்தனையோ உயிரைக் காப்பாற்றும்.