வெண்ணெய்க் கிண்ணம்

கோகுலாஷ்டமிக்கு முந்தின நாள், போபோடியிலிருந்து புறப்பட்ட பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு தமிழ்ப் பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"நாளைக்கு பஜனைக்கு வர்றியாடி?"

"என் பொண்ணு வரமாட்டேங்கறா. போன வருஷம் கிருஷ்ணர் வேஷம் போட்டு விட்டேன்ல? நைவேத்தியத்துக்கு வச்சிருந்த வெண்ணெயைக் கிண்ணத்தோட எடுத்துத் தின்னுட்டா. மேடையில பேசிட்டிருந்த தாத்தா பாதியில நிறுத்தி, 'யார் குழந்தை இது, வெளிய கொண்டு போங்க'ன்னு கத்திட்டாரு."

"அரே, அவர் எதைப் பத்திப் பேசிட்டிருந்தாரு?"

"கண்ணன் வெண்ணெய் திருடினதைப் பாட்டுல எப்படிக் கொஞ்சறாங்கன்னு."

இருவரும் சிரித்தார்கள். அந்தத் தாத்தா நான்தான். மழைக்கோட்டின் தொப்பியை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"இப்ப என்னதான் சொல்றா?"

"அந்தத் தாத்தா வரலைன்னா வருவாளாம். மயில்பீலியை எடுத்து வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கா, பாவம்."

இந்த வருஷமும் பேச்சு என்னுடையதுதான்; உடம்பு சரியில்லை என்று பஜனைக்காரர்களுக்கு ஒரு போன் செய்திருந்தால் போதும். செய்யவில்லை. மறுநாள் போனேன். குழந்தைகள் வரிசையில் மயில்பீலி எதுவும் இல்லை. தெய்வக் குழந்தையின் குறும்பைப் பற்றி ஒரு மணி நேரம் உருகி உருகிப் பேசினேன். நல்ல கைதட்டல்.