தளபதியின் கட்டம் போட்ட சேட்டு

வோபர்ன் நிறுத்தத்தில் பஸ் ஏறிய இரண்டு அன்ரிகள் எனக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். ஒருவர் மடியில் கடையில் சும்மா எடுத்த தமிழ்ப் பத்திரிகை. முதற்பக்கத்தில், சண்டையில் இறந்துபோன தளபதி ஒருவரின் நினைவுநாள் படம். பத்திரிகை வைத்திருந்தவர் அதை விரலால் தட்டினார்.

“உவர் போட்டிருக்கிறது என்ர அண்ணையின்ர சேட்டு.”

“விசரே உனக்கு?”

“இஞ்சை பார், ஒரு பட்டன் மட்டும் வேற நிறம். நான்தான் தைச்சனான். படம் எடுக்க எண்டு இரவல் வாங்கினவர், சேட்டோட இயக்கத்துக்குப் போயிட்டார்.”

மற்றவர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

“சிரியாதை, கேள். பிறகு உவர் பெரிய தளபதி. முன்னுக்கும் பின்னுக்கும் துவக்கோட பெடியள். அண்ணை றோட்டில மறிச்சு, ‘டேய், என்ர சேட்டு எங்கையடா?’ எண்டு கேட்டவர்.”

“ஐயோ! உவர் என்ன சொன்னவர்?”

“‘சண்டை முடியட்டும் மச்சான், தோய்ச்சுத் தாறன்’ எண்டவராம்.”

இருவரும் சிரித்த சிரிப்பில் டிரைவர் கண்ணாடியில் எங்களை எட்டிப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மற்றவர் கேட்டார்.

“உந்தப் படம் உங்கட சாமியறையிலயும் இருக்கெல்லே? இயக்கம் எண்டாலே திட்டுற உன்ர அம்மா ஏன் உவருக்குப் பூ வைக்கிறவ?”

“செல்லடியில அண்ணையும் போய், வீடும் படங்களும் எரிஞ்ச பிறகு, அண்ணையின்ர எண்டு மிஞ்சினது உந்தச் சேட்டு மட்டும்தானே. அம்மா பூவை அந்தப் பட்டனிலதான் வைப்பா.”