முதல் கியரில் நின்ற வண்டி குறித்த கூடுதல் வாக்குமூலம்

என் பெயர் வேங்கடசுப்ரமணியன், தந்தை பெயர் ராமசேஷன், வயது ஐம்பது. மாட்டுங்கா கிழக்கில் சாந்தா விலாஸ் என்னும் கட்டடத்தின் ஆறாம் எண் குடியிருப்பில் வசிக்கிறேன். டிராம்பேயில் ஒரு தனியார் இரசாயன ஆலையில் பாதுகாப்பு அலுவலராகப் பணிபுரிகிறேன். சென்ற ஜூலை 16ஆம் நாள் எங்கள் கட்டட வளாகத்தில் மெக்கானிக் பேச்சிராஜா காயமடைந்தது பற்றி மறுநாள் நான் மராத்தியில் கையொப்பமிட்ட வாக்குமூலம் முழுமையானதன்று. அதில் விட்டுப்போனதை யாருடைய வற்புறுத்தலும் இன்றி இப்போது தருகிறேன்.

எங்கள் வளாகத்தில் இடம் குறைவு. ஆகவே வண்டிகளை நியூட்ரலில், கைப்பிரேக் போடாமல் நிறுத்த வேண்டும் என்பது குடியிருப்போர் சங்கத்தின் விதி. காவலாளி தேவைப்படும்போது தள்ளி வழி ஏற்படுத்துவார். நான் முதல் கியரில் நிறுத்துபவன். வண்டியின் கையேடு அவ்வாறுதான் கூறுகிறது. இது குறித்துச் சங்கச் செயலாளர் திருமதி வந்தனா என் வண்டியின் கண்ணாடியில் இருமுறை அறிவிப்பு ஒட்டியபின், ஜூன் மாதம், இனி விதிப்படி நிறுத்துவேன் என்று எழுதிக் கொடுத்தேன். ஆனால் அவ்வாறு நிறுத்தவில்லை.

சம்பவ நாளன்று காலை 8.10க்கு கிளட்சை அழுத்திச் சாவியைத் திருப்பியபோது 'டக்' என்று ஒரே ஒரு சத்தம் வந்தது, எஞ்சின் சுழலவில்லை. முகப்பு விளக்கைப் போட்டுவிட்டு மீண்டும் திருப்பினேன். வெளிச்சம் மங்கவில்லை, ஹாரனும் சரியாக ஒலித்தது, எனவே பேட்டரி காரணமன்று என்று முடிவு செய்து பேச்சிராஜாவைத் தொலைபேசியில் அழைத்தேன். அவர் தாராவியில் பட்டறை வைத்திருப்பவர், வயது முப்பத்து நான்கு, எங்கள் கட்டடத்தின் பதினோரு வண்டிகளைப் பார்ப்பவர். 8.40க்கு வந்தார். பானட்டைத் திறந்து, பேட்டரி முனைகளைச் சுரண்டி இறுக்கி, எர்த் கேபிளைப் பார்த்து, திருமதி வந்தனாவின் வண்டியிலிருந்து கம்பி இழுத்து மின்சாரம் கொடுத்தும் அதே 'டக்'. அதன் பின் ஸ்டார்ட்டர் மோட்டாரை ஸ்பானரால் தட்டினார். பயனில்லை.

"பேட்டரி கல்லு மாதிரி இருக்கு சார். ஸ்டார்ட்டருக்குள்ள காண்டாக்ட் தீஞ்சிட்டு. கரண்டு வாசல் வரைக்கும் வருது, உள்ள போவ மாட்டேங்கு" என்றார். நான், "கையேட்டுல எங்கேயும் இதைப் போடலையே" என்றதற்கு, "நீங்க புஸ்தகத்தப் பாத்து ஓட்டுதிய, வண்டிக்கி வாசிக்கத் தெரியலயே" என்று சிரித்தார். திருமதி வந்தனாவும் சிரித்தார்.

அதன் பின், நான் சாவியைத் திருப்பிப் பிடித்திருந்தால் ஸ்டார்ட்டரின் இரு முனைகளையும் ஸ்க்ரூடிரைவரால் இணைத்து எஞ்சினை ஓடவிட்டு, வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோய்விடலாம் என்றார். தூறல் விழுந்ததால் தம் கருவிப் பையை ஓட்டுநர் இருக்கையில் வைத்திருந்தார், ஆகவே நான் வெளியே கதவருகே நின்றேன். வண்டியின் முன்புறத்துக்கும் மதில் சுவருக்கும் இடையில் சுமார் இரண்டரை அடி. அந்த இடைவெளியில் நின்று எஞ்சினுக்குள் குனிந்தார். குனிந்தபடியே, "நியூட்ரல்தான சார்?" என்று கேட்டார்.

முந்தைய வாக்குமூலத்தில், அவர் கேட்கவில்லை என்று உள்ளது. அவர் கேட்டார். திருமதி வந்தனா எனக்கு நான்கடி தள்ளி நின்றிருந்தார். நான் "ஆமாம்" என்றேன். சாவியைத் திருப்பக் கையை உள்ளே விடும்போது யாரும் அறியாமல் கியரை மாற்றிவிடலாம் என்பது என் எண்ணம். ஜன்னல் வழியாகக் கையை விட்டேன். கியரைத் தொடுவதற்குள் அவர், "ம், திருப்புங்க சார்" என்றார். திருப்பினேன். இருக்கையில் அமராமல், கிளட்சை அழுத்தாமல் சாவியைத் திருப்பியது, நான் வண்டி ஓட்டும் இருபத்தாறு ஆண்டுகளில் அன்று ஒருமுறைதான்.

அவர் முனைகளை இணைத்ததும் எஞ்சின் உடனே பிடித்தது. வண்டி முன்னால் பாய்ந்து, அவருடைய கால்களைச் சுவரோடு வைத்து அழுத்தி, எஞ்சின் அணைந்து நின்றது. அவர் கத்தவில்லை. ஸ்க்ரூடிரைவர் கையிலேயே இருந்தது. காவலாளி தௌஃபீக் ஓடிவந்து, அவரும் மேலும் இருவரும் வண்டியைப் பின்னால் தள்ளினார்கள். அது அசையவில்லை. "சாப், ஹில்தா நஹீ, ஹில்தா நஹீ" என்று தௌஃபீக் சொல்லிக்கொண்டே இருந்தார். ஏன் அசையவில்லை என்பது அங்கிருந்தவர்களில் எனக்கு மட்டும் தெரியும். என் கணக்கில் ஏழெட்டு விநாடிகள் கழித்துக் கையை உள்ளே விட்டு நியூட்ரலுக்குக் கொண்டுவந்தேன். அதன் பின் வண்டி எளிதாகப் பின்னால் வந்தது. காவல்துறையினர் வந்து பார்த்தபோது கியர் நியூட்ரலில் இருந்ததற்குக் காரணம் இதுவே.

பேச்சிராஜாவின் இடது கால் முழங்காலுக்கு மேல் அகற்றப்பட்டது. பேச்சிராஜா, கியரைச் சோதிக்காதது தம் தவறு என்றும் தாம் என்னிடம் எதுவும் கேட்கவில்லை என்றும் காவலரிடம் கூறியதாக அறிந்து, நேற்று மருத்துவமனைக்குச் சென்றேன். அவர் மனைவி முத்துமாரி தண்ணீர் பிடிக்கப் போயிருந்த வேளையில், ஏன் அப்படிக் கூறினார் என்று கேட்டேன். "விடுங்க சார். அந்த பில்டிங்ல பதினோரு வண்டி. ஒங்கள மாட்டிவிட்டா நாளைக்கி எவன் என்னயக் கூப்புடுவான்? ஒத்தக் கால வச்சி ஒக்காந்து வேல பாக்கலாம், வண்டி வரணும்லா" என்றார்.

அதன் பின் முத்துமாரி வந்தார். "கியரப் பாக்காம கைய வச்சிருக்காவ சார். பதினஞ்சு வருசமா இதே வேல, புத்தி எங்க போச்சோ" என்று என்னிடம் கூறினார். பேச்சிராஜா சுவர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முத்துமாரி, "எல்லாரும் தள்ளித் தள்ளிப் பாத்து முடியாம, நீங்கதான் வண்டிய எடுத்துவிட்டியளாம், தௌஃபீக் அண்ணன் சொன்னாவ. நீங்க இல்லன்னா ரெண்டு காலும் போயிருக்கும். நல்லாருப்பிய சார்" என்று சொல்லி, இருந்த ஒரே நாற்காலியை எனக்கு இழுத்துப் போட்டு, பிளாஸ்க்கிலிருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்தார். நான் உட்கார்ந்தேன். தேநீரையும் குடித்தேன்.

அங்கிருந்து வீட்டுக்குச் செல்லாமல் காவல் நிலையத்துக்கு வந்தேன். அதிகாரி இல்லாததால் இன்று காலை மீண்டும் வந்துள்ளேன். பேச்சிராஜா கேட்கவில்லை என்ற வரியை நீக்கி, அவர் கேட்டார் என்றும், நான் அறிந்தே பொய் சொன்னேன் என்றும் பதிவு செய்யக் கோருகிறேன். முத்துமாரிக்குத் தமிழ் தவிர வேறு மொழி தெரியாது. ஆகவே இதைத் தமிழில் எழுதினேன். இதன் ஒரு பிரதியை அவருக்குப் படித்துக்காட்டவும் வேண்டுகிறேன்.

இதில் உள்ள ஒவ்வொரு வரியும் நான் கண்டதும் செய்ததும் ஆகும். எழுதியபின் இருமுறை படித்தேன், திருத்தம் ஏதுமில்லை.

(ஒப்பம்)
ரா. வேங்கடசுப்ரமணியன்