வாய்க்காலில் கிடந்த என் அப்பா பெயர்

தலைமை நாற்காலியை நிறைத்து அமர்ந்திருக்கும் ஊராட்சித் தலைவர் தனசேகரன் அவர்களே! தலை நரைத்தும் தளராத பெரியோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு வந்த தாய்மார்களே! அணைக்க மறந்து வந்தவர்களே! வணக்கம்.

கட்டட இடிபாடு பற்றிப் பேச, நைனார்பாளையத்தில் என்னை ஏன் அழைத்தார்கள்? குற்றவாளிக்குத்தானே சட்டம் நன்றாகத் தெரியும்!

இரண்டாயிரத்துப் பதினாறாம் ஆண்டு விதி என்ன சொல்கிறது? இடித்ததைப் பிரித்து வை என்கிறது. உன் இடத்திலேயே வை என்கிறது. சாலையை மறிக்காதே, வாய்க்காலை அடைக்காதே, குறித்த இடத்தில் ஒப்படை என்கிறது. நான் என்ன செய்தேன்? பழைய வீட்டை இடித்து, நான்கு டிராக்டர் இடிபாட்டை ஏரி வாய்க்காலில் கொட்டினேன். ஊரே கொட்டும்போது நான் மட்டும் உத்தமனா? சிரிக்காதீர்கள் ராஜாங்கம் அண்ணே, உங்கள் வீட்டு ஓடும் அங்கேதான் கிடந்தது!

மழை வந்தது. வாய்க்கால் அடைத்தது. பச்சையம்மாளின் ஒரே ஏக்கர் நெல் மூழ்கி நின்றது.

அந்த வாரம்தான் இட ஒதுக்கீட்டுப் போராட்டம். மறியலுக்குக் கல் தேடியவர்கள் என் இடிபாட்டை அள்ளிப் போனார்கள். வாய்க்கால் திறந்தது! வயல் வடிந்தது! மறுநாள் காவல் ஆய்வாளர் என் வாசலில். வீடு கட்டினால் முகப்பில் சிமென்ட்டில் பெயர் பொறிப்போமே? நடுச்சாலையில் கிடந்தது, ‘நாராயணசாமி இல்லம், 1974’. என் அப்பா!

“இன்னாய்யா, மறியலுக்கு நீதான் கல்லு குட்த்தியா?”

“ஐயையோ, நான் வாய்க்கால்லதாங்க கொட்னேன்!”

“அப்ப அதுக்கு அபராதம் கட்டு.”

போராளி ஆகியிருக்கலாம், குப்பை கொட்டியவன் ஆனேன்!

சாலையைச் சுத்தம் செய்தவர்கள் அந்தக் கல்லையெல்லாம் எங்கே போட்டார்கள்? சரியாகச் சொன்னீர்கள் அம்மா, அதே வாய்க்காலில்! மறுபடி மழை, மறுபடி வெள்ளம். இடுப்பில் கை வைத்து வந்து நின்றார் பச்சையம்மாள்.

“கதிர் வர்ற நேரம். உங்கப்பா பேரு என் நெல்லு மேல குந்திக்கினு கீது. வந்து தூக்கினு போங்க. இல்லாங்காட்டி நாளைக்கு மறியல் உங்க வூட்டாண்டதான்!”

தூக்கினேன் தோழர்களே, தொப்பை குலுங்கத் தூக்கினேன்! நான்கு டிராக்டரும் குறித்த இடம் சேர்ந்தன. ஆனாலும் பாதி வயல்தான் வடிந்திருக்கிறது. ஏன்? இடைப்பட்ட நாளில் வேறொருவர் கொட்டிய இடிபாடு அடியில், அதில் இன்னொரு பெயர்க்கல்! இன்றும் கிடக்கிறது. அதற்காகத்தான் பச்சையம்மாள் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். யார் பெயர் என்று மேடையில் சொல்வது நாகரிகமா? சொல்ல மாட்டேன்.

தலைவர் அவர்களே, ஏன் இப்படி வேர்க்கிறது? வெளியே டிராக்டர் நிற்கிறது. டீசல் என் செலவு. இவ்வளவு நேரம் கேட்டவர்களுக்கு நன்றி; கடப்பாரையோடு கூட வருகிறவர்களுக்கு வணக்கம்!