ஈர மாலை போட்ட உறுமி

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அதைப் பார்த்துவிட்டேன். மேடையில் அண்ணன் படத்துக்குப் பக்கத்தில் நிமிர்த்தி வைத்திருக்கும் உறுமியின் மேல் மாலை போட்டிருக்கிறீர்கள். மாலையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. நேராகத் தோலின் மேல்.

மேடையில் அமர்ந்திருக்கும் ஆலயத் தலைவர் மாயாண்டி ஐயா அவர்களே, செயலவையினரே, கீழே அமர்ந்திருக்கும் பெரியவர்களே, அண்ணனின் உறுமிக் குழுவினரே, கடைசி வரிசையில் நின்றுகொண்டிருக்கும் சிக்கந்தர் அண்ணே, எல்லோருக்கும் வணக்கம். நான் தனேஷின் தங்கை தினேஸ்வரி. மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டவள். மைக் பிடித்துப் பழக்கமில்லை. வீட்டில் எழுதியதைத்தான் படிக்கிறேன். மாலையைப் பற்றிச் சொன்னதைப் போல, இங்கே கண்ணில் படுவதை மட்டும் இடையில் சேர்த்துக்கொள்கிறேன்.

சாலையோரம் மூன்று நாளாக ஒரு பேனர் தொங்குகிறது. 'கலைச்சுடர் தனேஷ், நம் ஆலயத்தின் செல்லப்பிள்ளை.' எந்த தனேஷ்? இந்தக் கோயில் கேட்டுக்கு வெளியே நீங்கள் நிறுத்திவைத்த தனேஷா? செல்லப்பிள்ளையை வெளியே விட்டு யாராவது கேட்டைப் பூட்டுவார்களா? அவன் உயிரோடு இருந்தபோது நீங்கள் கொடுத்த பட்டம் வேறு. கேங்குகாரன்! இருபத்து மூன்று வயது வரை கேங்குகாரனாக இருந்தவன், செத்துப் பதினாறு நாளில் கலைச்சுடர்! டெங்கிக் காய்ச்சலுக்கு இவ்வளவு சக்தி உண்டென்று எனக்குத் தெரியாது.

போன வருடத் திருவிழாவை மறந்திருக்க மாட்டீர்கள். கோலாலம்பூரிலிருந்து லாரி நிறைய ஸ்பீக்கர் வந்தது. அண்ணனின் குழு மஞ்சள் வேட்டியோடு வாசலில் நின்றது. தலைவர் கேட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"டேய், உறுமி அடிக்கிறவனெல்லாம் கேங்குகாரனுங்க. போலீஸ் வந்தா நானா பதில் சொல்றது? போங்கடா."

"தலைவரே, பசங்க எல்லாம் வெரதம். ஒரே ஒரு சுத்து அடிச்சிட்டுப் போயிர்றோம்லா."

"வெரதம்னா வீட்ல இரு."

ஊர்வலம் பழைய எஸ்டேட் ஆபீஸ் வளைவுக்கு வந்தபோது ஜெனரேட்டர் நின்றுபோனது. ஸ்பீக்கர் செத்தது. ரதம் இருட்டில் நடுரோட்டில் நின்றது. செயலாளர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். "தம்பி தனேஷு, கொஞ்சம் வாப்பா. அம்மா ரோட்லயே நிக்கிறா." போகாதே என்று நான் அண்ணன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "சாமி என்னா பண்ணுச்சு தினா?" என்று சொல்லிவிட்டுப் போனான். எனக்கு அந்த நல்ல மனது கிடையாது.

அடித்தான். ரதம் நகர்ந்தது. அந்தக் கேங்குகாரன் அடித்த அடிக்கு முதலில் அருள் வந்து ஆடியது யார், தலைவர் ஐயா? ஊரே ஃபோனில் வைத்திருக்கிறது. மறுநாள் நன்றிக் கூட்டம். ஸ்பீக்கர்காரருக்குப் பொன்னாடை. ஜெனரேட்டர்காரருக்குப் பொன்னாடை, நின்றுபோன அதே ஜெனரேட்டருக்கு! ஐஸ் கட்டி கொண்டுவந்தவருக்கும் பொன்னாடை. அண்ணன்? பின்னால் நாற்காலி மடக்கிக்கொண்டிருந்தான்.

பயிற்சிக்கு இந்த மண்டபத்தைக் கேட்டபோது தரை அழுக்காகும் என்றீர்கள். சிக்கந்தர் அண்ணன் தன் சாப்பாட்டுக் கடையின் பின்பக்கத்தைக் கொடுத்தார். "அடிச்சிக்கங்கடா. தொழுக நேரத்துல மட்டும் கப்சிப். கஸ்டமரு ஓடிட்டா மிஞ்சுற ரொட்டியெல்லாம் நீங்கதான் திங்கணும்லா." சில நாள் தின்றோம். இன்று அவருக்கு ஒரு நாற்காலி போட இங்கே யாருக்கும் தோன்றவில்லை.

குழு வருவதற்கு முன்னால் அங்கே மாவு மூட்டைகள் மேல் நானும் அண்ணனும் எதிரெதிராக உட்காருவோம். உறுமிக்கு இரண்டு முகம். ஒன்றைக் குச்சியால் அடிக்க வேண்டும். இன்னொன்றை வளைந்த குச்சியால் தேய்க்க வேண்டும், அப்போதுதான் அது உறுமும். அடிப்பது நான். தேய்ப்பது அவன். ஒரே உறுமி, இரண்டு பேர். "ஏய் தினா, மெதுவா! பின்னாடி நாயா தொரத்துது?" என்பான்.

இப்போது நான் வேலை செய்யும் லாண்டரியில் மெஷின் மூடியில் அடிக்கிறேன். அடித்துவிட்டு, அவன் தேய்க்கும் நேரத்துக்கு இடம் விடுகிறேன். அந்த இடத்தில் அவன் வருகிறான். தவறாமல் வருகிறான். நீங்கள் மாட்டிய படத்தில் அவன் இல்லை. உங்கள் பேனரில் நிச்சயமாக இல்லை.

உடலை எடுப்பதற்கு முன்பே என் அம்மாவிடம் கேட்டீர்கள். "கலாதேவிமா, உறுமிய கோயிலுக்குக் குடுத்துருங்க. கண்ணாடி அலமாரியில வச்சுப் பூட்டிருவோம். ஊருக்குப் பெருமைலா." அழுதுகொண்டிருந்த அம்மாவின் தலை ஆடியது. அதைச் சம்மதம் என்றீர்கள். அலமாரியும் மேடைக்கு வந்துவிட்டது. அண்ணனின் இடத்தில் நான் அடிக்கட்டுமா என்று கேட்டதற்குத் தலைவர் சிரித்தார். "பொம்பளப் புள்ள தோள்ல உறுமியா? போய்க் கோலத்தப் போடுமா." பூட்டி வைத்தால் அவனை யார் கேட்பது? அலமாரியா?

வியர்த்த கையால்கூட அண்ணன் அந்தத் தோலைத் தொடமாட்டான். ஈரம் பட்டால் தளர்ந்துபோகும். நீங்கள் போட்டது தண்ணீரில் முக்கியெடுத்த மாலை. இந்த மேடையில் அவனைத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

இரங்கல் கூட்டத்தில் கடைசியாக உறுதி சொல்ல வேண்டுமாம். சொல்கிறேன். வருகிற ஞாயிறு பாகான் டத்தோவில், தென்னந்தோப்புக்குள் இருக்கும் ஒரு சின்னக் கோயிலுக்கு வருவதாக அண்ணன் வாக்குக் கொடுத்திருந்தான். அவன் குழு போகும். அவன் உறுமியும் போகும். இரண்டு முகத்தையும் நானே வாசிப்பேன். தேய்க்கும் கை இன்னும் சரியாக வரவில்லை. வரும்.

அம்மா, என்னை மன்னியுங்கள். தலைவர் ஐயா, எழுந்திருக்க வேண்டாம், மைக்கைக் கொடுத்துவிடுகிறேன். இந்த மாலையை எடுத்து உங்கள் கண்ணாடி அலமாரியில் வைக்கிறேன். துப்பட்டாவால் தோலைத் துடைக்கிறேன். பட்டையைத் தோளில் மாட்டுகிறேன்.